பாண் தூளும் பேரனின் பல்லும்

கட்லற்றைக் கடிக்கிறவர்கள் உள்ளே இருக்கும் மீனைப் புகழ்வார்கள், பொரித்த கையைப் புகழ்வார்கள். மேலே ஒட்டியிருக்கும், பேக்கரிப் பாணைக் காயவைத்து இடித்த பாண் தூளின் நினைவு அது உதிர்ந்து சட்டையில் விழும்போதுதான் வரும். வீட்டில் தூள் செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குருநகரில் எங்கள் வீட்டில் கட்லற் பொரிப்பது என் மனைவி திரேசா. முழங்கால் என்னைக் கடலுக்குப் போகவிடாமல் செய்த நாளிலிருந்து தூள் செய்வது நான். கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தபோது திரேசா துணைக்குப் போனாள். புறப்படும்போது, "பிள்ளைக்குப் பல்லு முளைக்க வந்திடுவன்" என்றாள். அந்தச் சொல்லை நம்பித்தான் தனியாகப் பாண் காயவைக்கத் தொடங்கினேன்.

வலைக்குள் பாண்

தூளுக்கு முதல்நாள் பாண்தான் நல்லது. புதுப் பாண் கத்தியில் ஒட்டும். கரையைச் சீவிவிட்டு, விரல் தடிப்பில் வெட்டி, சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைப்பேன். கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால் வெயில் இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் திரேசா பக்கத்தில் இருந்து மீன் வெட்டுவாள். அவள் கத்தியைத் தட்டுகிற சத்தத்துக்கே காகம் வராது. இப்போது நான் பழைய வலையொன்றை மேலே விரித்து, நாலு மூலைக்கும் கல் வைக்கிறேன். அவள் குந்தியிருக்கிற பலகை பக்கத்தில் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பிலோமினா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வலை, அதற்குள் பாண், பக்கத்தில் வெறும் பலகை, காவலுக்கு நான். "அண்ணை, கடலிலை பிடிச்சது காணாதெண்டு இப்ப பாணையும் வலை போட்டோ பிடிக்கிறியள்?"

உடுப்பும் ஆளும்

சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் யோகன் முன்பு திரேசாவின் கட்லற்றை வாங்கி விற்றவன். அவள் போன பிறகு தானே பொரிக்கிறான். தூள் மட்டும் என்னிடம் வாங்குகிறான். மிக்சியில் அடித்தால் அலுவல் கெதியாய் முடியுமே என்று அவன் சொன்னதைக் கேட்டு ஒருமுறை அடித்தும் பார்த்தேன். மாவாய்ப் போயிற்று. மா எண்ணெய்க்குள் இறங்கிக் கருகும். உரலில் உலக்கையை ஓங்கிக் குத்தக் கூடாது, அதன் பாரத்தில் விழவிட வேண்டும். அரிதட்டில் சலித்து, மேலே தங்குவதைத் திரும்பவும் உரலில் போட வேண்டும். ரவையிலும் கொஞ்சம் பருமனாக நின்றால் அதுதான் பதம்.

பேரனுக்குக் கீழே இரண்டு பல் தெரிகிற படம் ஒருநாள் வந்தது. நான் அன்றைக்கே திரேசா பொரிக்கிற தாச்சியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பின்னேரம் யோகன் தன் கட்லற் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். தூள் மொறுமொறுவென்று நின்றது. நான் மெதுவாக மென்று, மிச்சத்தைக் கீழே வைத்தேன். அவனே சொன்னான்: "விளங்குது அங்கிள். உடுப்பு சரி, உள்ளுக்கு ஆளில்லை. அன்ரி எப்ப வாறா?"

எந்தத் தூள்

மற்ற வீடுகளில் தூள் என்றால் கறிக்குப் போடுகிற மிளகாய்த்தூள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. வெறும் 'தூள்' என்றால் என்னுடையது; திரேசாவுடையதை மிளகாய்த்தூள் என்று முழுப்பெயர் சொல்லித்தான் அழைப்போம். கனடா போகிற ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டபோது, வழக்கப்படி அதன்மேல் 'தூள்' என்று மட்டும் எழுதினேன்.

பொதி போய்ச் சேர்ந்த ஞாயிறு திரேசா தொலைபேசியில் அழைத்தாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. "இஞ்சாருங்கோ, மருமோன் உங்கடை தூளை மீன் குழம்புக்குள்ளை கொட்டிப்போட்டார். சட்டிக்குள்ளை அகப்பை நட்டபடி நிக்குது!"

"முழுக்கவோ?" என்று கேட்டேன்.

"பாதியை நான் பறிச்சுப்போட்டன். அதுக்குள்ளை ஒரு நூல் கிடந்தது, எங்கடை வலை நூல்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு தரம் அரித்த தூள். "அந்த நூலை எறியும்" என்றேன்.

அவளுடைய சிரிப்பு நின்றது. பிறகு சொன்னாள்: "எறியேல்லை. என்ரை செபமாலைப் பெட்டிக்குள்ளை கிடக்கு."

பழசாகாத பாண்

அந்தப் பாதியும் முடிந்தது. திரேசா வீடியோவில் வந்து செய்முறை கேட்டாள். "இஞ்சத்தைப் பாண் காயுதில்லையப்பா. பஞ்சு மாதிரிக் கிடந்துபோட்டுப் பூஞ்சணம் பிடிக்குது."

உமக்குச் சரிவராது, நீர் திரும்பி வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் தூள் பிழைத்தால் கட்லற் எண்ணெய்க்குள் வெடிக்கும். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் அவளுடைய கட்லற் வெடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அங்கே குசினிக்குள்ளேயே பாண் சுடுகிற போறணை இருக்கிறது. சூட்டைக் குறைத்து, பாண் சிவக்காமல் காயும்வரை வைக்க வேண்டும். உரலுக்குப் பதில் தடித்த பைக்குள் போட்டு, மேலே போத்தலை உருட்ட வேண்டும். கையில் பொத்தித் திறந்தால் மணல்போல உதிர வேண்டும்.

அடுத்த கிழமை கட்லற் தட்டோடு வீடியோவில் வந்தாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. பேரன் ஒரு துண்டைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். மகள் வேலைக்குத் திரும்புகிறாளாம், பிள்ளையைப் பார்க்க ஆளில்லையாம், இன்னும் கொஞ்சக் காலம் நிற்க வேண்டுமாம்.

"இப்ப எத்தினை பல்லு?" என்று கேட்டேன்.

"எட்டு."

"அப்ப முளைச்சிட்டுதுதானே." எனக்கு அதற்குமேல் கேட்கத் தெரியாது.

அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். மகள் பக்கத்தில் இல்லை. குரலைத் தாழ்த்தினாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "பல்லு முளைக்க வாறன் எண்டுதானே சொன்னனான், எத்தினையாவது பல்லு எண்டு சொன்னனானோ?"

பாற்பல் மொத்தம் இருபதாம். விழுந்து முளைக்கிறதையும் அவள் கணக்கில் சேர்க்காவிட்டால், இன்னும் பன்னிரண்டு பல்லுக்குத்தான் நான் பாண் காயவைக்க வேண்டும்.