பேத்தியின் தலையில் எரிந்த மெழுகுதிரி

எனக்கு அறுபத்தொன்பது வயது. மன்னாரில் ஓலைக் குசினிக்குள், விறகடுப்புக்குப் பக்கத்தில் ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றின் மேலும் ஒரு பொறி விழ விட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கு இந்தக் குளிர்நாட்டு ஸ்கீவ ஊரில், மார்கழி பிறந்தால் நெருப்பைப் பற்றிப் படிப்பிக்க ஆள் வருகிறது. எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் கதவைத் தட்டி வந்து, பொரிக்கிற சட்டியைக் காட்டி விரலை ஆட்டினார். சாம்பிராணியை மணந்து முகத்தைச் சுளித்தார். எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினேன். அவருடைய யன்னலைப் பார்த்தால், கிறிஸ்து பிறப்புக்கு வைக்கிற நத்தார் மரத்தின் காய்ந்த கொப்பை வளையமாகக் கட்டி, அதன்மேல் மெழுகுதிரிகள் எரிகின்றன. காவலுக்கு ஒருவரும் இல்லை.

அதையும் பொறுத்தேன். பிறகு, என் மகனின் மகள் ஜெசிந்தாவைப் பள்ளிக்கூடத்தில் புனித லூசியா திருநாள் ஊர்வலத்துக்கு முன்னே நடக்கத் தெரிந்தெடுத்தார்கள். வெள்ளை அங்கி, தலையில் கிரீடம், கிரீடத்தில் எரிகிற திரிகள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவரையும் அங்கே அதுவரை முன்னுக்கு விட்டதில்லை. அவள் சந்தோஷத்தில் சாப்பிடவில்லை. நான் பயத்தில் சாப்பிடவில்லை. இடுப்புவரை மயிர், நான் நல்லெண்ணெய் வைத்து வளர்த்த மயிர்.

ரீச்சரிடம் போனேன். ஊரில் லூசியம்மாளுக்குக் கண் நோய் மாற நேர்த்தி வைப்போம். இவர்கள் எந்த நேர்த்திக்காகப் பிள்ளையின் தலையில் நெருப்பு வைக்கிறார்கள் என்று கேட்டேன். ஜெசிந்தா இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொன்னாள். நேர்த்தி ஒன்றுமில்லையாம், இருட்டுக் காலத்தில் மனதுக்கு இதமாக இருக்குமாம். இந்த நாட்டில் இதம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கதையில்லை.

"திரி வேண்டாம், பூ வைக்கச் சொல்லு," என்றேன்.

ஜெசிந்தா நிலத்தைப் பார்த்தாள். "அப்பம்மா, திரி வேண்டாமெண்டால் வேற பிள்ளையை விடுவினம்."

ஊர்வலத்துக்கு முதல்நாள் பின்னேரம், நெருப்புப் பிடிக்காமல், எண்ணெய் போகும்வரை அவள் தலையைத் தேய்த்தேன். "மாமி, பிள்ளையைத் தோய்க்கிறியளோ, சேலையைத் தோய்க்கிறியளோ?" என்று மருமகள் நெளித்துச் சிரித்தாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது வந்தால் யார் சிரித்தாலும் கழுவுங்கள். மயிரைக் கொண்டையாக இறுக்குங்கள். கிரீடத்துக்குக் கீழே ஈரத்துணி சுற்றுங்கள்.

காலையில் மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். பிள்ளைகள் பாடிக்கொண்டு வர, ஜெசிந்தாவுக்கு நேர் பின்னால் நானும் நடந்தேன், நீர் சொட்டும் துவாயோடு. ரீச்சர் கண்ணால் விலகச் சொன்னார். எனக்கு அந்த நேரம் கண் தெரியவில்லை. வளைவில் ஒரு திரி சரிந்தது. துவாயை ஓங்கிவிட்டேன். அவளோ திரும்பாமல், பாட்டையும் விடாமல், கையைத் தூக்கித் திரியை நேராக்கிக்கொண்டு நடந்தாள்.

முடிந்ததும், படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் வந்து, ஈரத்துணியோடு கிழவி பின்னால் போவது உங்கள் நாட்டு முறையா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லும்படி ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

அந்தப் படம் வந்தது. முன்னே ஜெசிந்தா முழுக்க வெளிச்சத்தில். பின்னே நான், பாதி முகம் இருட்டில், கை மேலே. இங்கே பார்க்கிறவர்கள் நான் பிள்ளையை ஆசீர்வதிக்கிறேன் என்கிறார்கள். மன்னாருக்கு ஒன்று அனுப்பினேன். ஆருக்கு அம்மா அடிக்க ஓங்கினனீங்கள் என்று அங்கிருந்து மூத்த மகள் எழுதிக் கேட்டிருக்கிறாள்.

ஜெசிந்தா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி, கேப்பம். அடிக்க ஓங்கேல்லை எண்டு எழுதினனியோ?