பூட்டிய கடைக்கு மேலே உடற்பயிற்சி

கண்டி டவுனில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு மேலேயே என் அறை. வெளியே போக கடையின் ஷட்டர் தவிர வேறு வழி இல்லை. இரவில் முதலாளி அதைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவார். காலையில் அவர் வந்து திறந்தால் வேலை தொடங்கிவிடும்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அடுத்த கிளினிக்குக்குள் சீனி குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். நான் எங்கே நடப்பது?

வரும் வழியில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நடைபாதைக் கடையில், இருந்ததிலேயே மலிவான ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். அறைக்குப் பழைய பலகைத் தளம். அதை யோசிக்கவில்லை. காலையில் குதித்தபோது கீழே அரிசி மூட்டைகளில் தூசி கொட்டியது. அப்போதுதான் கடை திறந்த முதலாளி, "மேல என்னப்பா, மாடு கட்டியிருக்கியா?" என்று கத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் கயிற்றைத் திருப்பிக் கொண்டுபோனேன். குதிக்காமல், சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே செய்யிற சாமான் கேட்டேன்.

"அண்ணன் என்ன, ஜெயில்லயா இருக்கீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர். நான் கயிற்றை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, இழுத்துப் பயிற்சி செய்யும் நீளமான ரப்பர் பட்டி ஒன்று தந்தார்.

அதை ஜன்னல் கம்பியில் மாட்டித் தினமும் விடிய முன் இழுத்தேன்.

"சீனி குறைஞ்சிருக்கு, ஊசி வேணாம்," என்றார் டாக்டர், அடுத்த கிளினிக்கில். "ஆனா இதை விட்டுறாதீங்க."

சரி என்றேன். மறுநாளும் அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நின்றேன்.