முந்நூறு என்று பொறித்த சிலிண்டர்

மலைக்குப் போகும் ஜீப் நிறைவதற்காகப் போடியில் காத்திருக்கிறேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒருவர் முங்கு சிலிண்டருக்குக் காற்றடைத்துக்கொண்டிருக்கிறார். கடலில் முங்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கால் தானாக உள்ளே போகிறது.

அவர் பெயர் முருகேசன், கிணற்றில் விழுந்த மோட்டார்களை முங்கி எடுப்பவர். அவருடைய பழைய அமெரிக்க சிலிண்டரின் கழுத்தில் அழுத்தத்துக்கு ஒரே எண்தான்: 3000. பவுண்டுக் கணக்கு, அதுவரை நிரப்பலாம். இன்று நிரம்புவது புதிதாக வாங்கிய இத்தாலி சிலிண்டர். அதில் ‘பார்’ என்னும் ஐரோப்பிய அழுத்தக் கணக்கில் 200, 300 என்று இரண்டு எண்கள்.

“எதுவரைக்கும் ஏத்துறீங்க?”

“முந்நூறுண்ணே. போட்டிருக்கான்ல?”

அழுத்தமானியின் முள் 190-ஐத் தொடுகிறது.

“நிறுத்துங்க! முந்நூறு, தாங்குதான்னு கம்பெனியில சோதிச்சுப் பாத்த அளவு. நாம நிரப்ப வேண்டியது இருநூறுதான். அமெரிக்காக்காரன் சோதனை அளவைப் பொறிக்கிறதில்ல, இவங்க ரெண்டையும் பொறிப்பாங்க.”

அவர் பதறாமல் கம்ப்ரசரை அணைக்கிறார். சிலிண்டரைத் தடவிப் பார்க்கிறார்.

“ஒரு தடவை தாங்குச்சுன்னு தெனமும் ஏத்தக் கூடாது. அப்படித்தானண்ணே?”

“அதேதான்.”

“வெரசா வாங்கண்ணே!” என்று வெளியே ஜீப் டிரைவர் கத்துகிறார். ஒன்பது பேர் என்று எழுதிய ஜீப்பில், ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பதினைந்து பேர் இருக்கிறார்கள். பின்படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொற்றிக்கொள்கிறேன்.

கொட்டகை வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டு முருகேசன் கேட்கிறார்:

“இது சோதனை லோடாண்ணே?”