மீன் அறையில் நின்ற ஹைபிரிட் கார்

ஆகஸ்ட் மாதத்து அஜ்மானில் குளிரைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். யார்டில் வரிசையாக நிற்கும் கார்களின் கதவைத் தொட்டாலே கை பொசுங்கும் காலம் அது. அந்த வெயிலில் ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு அந்த மனிதர் கேட்டார்: "இது பனியில ஸ்டார்ட் ஆகுமா?"

நான் பழைய கார்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் யார்டில் சேல்ஸ்மேன். ஊர் ராமநாதபுரம் பக்கம். பனி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி விடியலில் பைக் சீட் நனைந்திருப்பதுதான். அதற்காகத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? சேல்ஸ்மேன் தெரியாது என்று சொன்னால் முதலாளி விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவார். "கேரண்டி பாய், நோ ப்ராப்ளம்" என்றேன், பல் தெரிய.

அவர் தஜிகிஸ்தான்காரர். அதிலும் தலைநகரம் இல்லை, மலைக்கு மேலே எங்கேயோ. இந்திப் படம் பார்த்துக் கற்ற இந்தி அவருக்கு, யார்டில் கற்ற இந்தி எனக்கு. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு இந்தி தேறும். தலைநகரில் சொந்தக்காரர்கள் எல்லாம் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டார்களாம். இவர் ஊரில் பனிக்காலத்தில் கரண்ட் வருவதே கொஞ்ச நேரம்தான். "அந்தக் கரண்ட்ல ரொட்டி சுடுறதா, வண்டிக்குச் சொருகுறதா?" என்று என்னையே கேட்டார்.

அதனால்தான் அவருக்கு ஹைபிரிட் தேவைப்பட்டது. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியும் உண்டு. எங்கேயும் சொருக வேண்டாம். இன்ஜின் ஓடும்போதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி தனக்குத்தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மலைக்காரருக்கு இறக்கத்துக்கா பஞ்சம்? இந்த விளக்கத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்: "சரி, பனியில ஸ்டார்ட் ஆகுமா?"

தினமும் வந்தார். அதே கார், அதே கேள்வி. ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எத்தனை தடவை பாய் சொல்றது? கேரண்டின்னா கேரண்டி" என்று கத்திவிட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. போனை எடுத்து ஒரு படம் காட்டினார். முழங்கால் வரை பனி. ஒரு பெண் மண்வெட்டியால் ஒரு பழைய காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி, பிரசவம் பார்க்கிற நர்ஸ். ஊர் ஊராகத் தானே வண்டி ஓட்டிப் போகிறவர். போன வருடம் ஒரு பிரசவம் முடித்துத் திரும்பும்போது கணவாயில் கார் நின்றுவிட்டது. பிறக்கும் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த கம்பளிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு, ஒரு லாரி வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.

"கேரண்டி சொல்லிட்டு நீ இங்க இருப்ப. வண்டிக்குள்ள அவதான் இருப்பா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் அந்த கேரண்டியை என் வாயால் சொல்ல முடியவில்லை.

துபாய் அல் குசைஸில் நான் தங்கியிருக்கும் ரூமில் ஒரு பாய் இருக்கிறார். எங்கள் மாவட்டத்துக் கடற்கரைக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஃப்ரீசர் மீன் வியாபாரம். மீனை அடுக்கி வைக்க இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கோல்ட் ஸ்டோரை வாடகைக்கு எடுத்திருக்கிறார். சாப்பாட்டின்போது அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். குளிருக்கு நான் எங்கே போவேன், யாரைக் கேட்பேன்?

பாய் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "குளிருதானே மாப்ள வேணும்? என்கிட்ட மைனஸ் பதினெட்டு சும்மாதான் கெடக்கு. றால் கண்டெய்னர் வர இன்னும் நாள் இருக்கு. ரூம் காலி. கொண்டாந்து நிறுத்துங்க வண்டிய."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பாய் கட்டிட முதலாளியான அர்பாபிடம் பேசியே விட்டார். அர்பாப் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றாராம். பாய்க்கு மட்டும் நிறைய நிபந்தனைகள் இருந்தன. டயரைக் கழுவித்தான் உள்ளே விட வேண்டும், ஒரு சொட்டு ஆயில் சிந்தக் கூடாது, கதவை முழுசாகத் திறந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், பண்ணியதும் யல்லா, வெளியே. "புகை பிடிச்ச ரூமுக்குள்ள றாலை வச்சா எவன் வாங்குவான்?" என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் போகும் பெரிய கதவு என்பதால் கார் சுலபமாக நுழைந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் உள்ளேயே நின்றது. காலையில் மூன்று பேரும் ஃப்ரீசர் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போனோம். எனக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மலைக்காரர் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்தவர்போல நிம்மதியாக நின்றார்.

நான் பட்டனை அழுத்தினேன். ஹைபிரிட்டில் ஒரு தொல்லை, உயிர் வந்தாலும் சத்தம் போடாது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் ரெடி என்ற பச்சை எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் தானாக உறுமியது. "பாத்தீங்களா!" என்று நான் துள்ளிக் குதித்தேன். பாய் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

மலைக்காரர் குதிக்கவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். கூலன்ட் டப்பாவை விரலால் தட்டினார். டக் டக் என்று கல்போல ஒலித்தது. உள்ளே ஐஸ்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் யார்டில் கூலன்ட் குறைந்தால் ஹோஸ் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடித்துவிடுவோம். யார்டில் என்ன, இங்கே பாதிப் பேர் செய்வது அதுதான். கொதிக்கிற ஊரில் தண்ணீர் உறையும் என்று எவன் யோசிப்பான்? மலைக்காரர் இரண்டு கைகளையும் கோர்த்து, பிறகு மெதுவாகப் பிரித்துக் காட்டினார். ஐஸ் விரிந்தால் இன்ஜின் பிளந்துவிடும். "ஸ்டார்ட் ஆகும். அவ கிளம்பியும் போவா. கணவாயில போய் நிக்கும்."

அந்த மைனஸ் பதினெட்டிலும் எனக்கு முதுகு வேர்த்தது. வெளியே வந்ததும் யார்டுக்குப் போன் செய்து, இனிமேல் எவனாவது ஏற்றுமதி வண்டியில் தண்ணீர் ஊற்றினால் ஹோஸ் பைப்பாலேயே அடிப்பேன் என்று கத்தினேன். எந்த வண்டியில் என்று அவர்கள் கேட்டதற்கு எல்லா வண்டியிலும் என்றேன்.

நல்ல வேளை, ஐஸ் மேல் டப்பாவோடு நின்றிருந்தது. உள்ளே கூழாகத்தான் இருந்தது. மெக்கானிக் பார்த்து, எங்கும் கீறல் இல்லை என்றார். இருந்ததையெல்லாம் வடித்து, கழுவி, ஷார்ஜாவில் தேடிப் பிடித்த குளிர்நாட்டுக் கூலன்டை ஊற்றினோம். கண்ணாடி துடைக்கும் தண்ணீரைக்கூட மாற்றினோம். கார் மறுபடியும் மீன் அறைக்குப் போனது.

இந்த முறை பட்டனை அழுத்தும்போது எனக்குப் பயமாக இருந்தது. விற்க வேண்டுமே என்ற பயம் இல்லை. அந்தக் கம்பளிகள்தான் நினைவில் வந்தன. ரெடி வந்தது, இன்ஜின் வந்தது. டப்பாவுக்குள் கூலன்ட் சமர்த்தாக ஆடியது. மலைக்காரர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, தானே காரை வெளியே ஓட்டினார்.

பகல் வெயிலில் வந்து நின்றதும் கார் முழுக்க வெள்ளைப் பனி படர்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டறைகளில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஒருவர் கன்னத்தை வைத்துப் பார்க்கிறார், ஒருவர் பனியைச் சுரண்டி நண்பன் சட்டைக்குள் போடுகிறார். அர்பாபுக்காகப் பாய் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி தெளிந்தபோதுதான் உள்ளே மலைக்காரர் போனில் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் போனை என் பக்கம் திருப்பினார். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"உன் பொண்டாட்டிய இந்த வண்டியில எங்க மலைக்குத் தனியா அனுப்புவியான்னு கேக்குறா" என்று அவர் மொழிபெயர்த்தார்.

பழைய நானாக இருந்தால் கேள்வி முடியும் முன்பே கேரண்டி என்றிருப்பேன். இப்போது யோசித்துச் சொன்னேன். "முந்தாநாள் வரைக்கும் அனுப்பியிருக்க மாட்டேன். இன்னைக்கு அனுப்புவேன். ஆனா அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

பாய் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஏன் தெரியாதாம்?" என்று கேட்டார்.

கார் கப்பல் ஏறியது. பனிக்காலத்தில் ஒரு வீடியோ வந்தது. ஜன்னல் வரை பனி. அந்த அம்மா ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறார், படம் எடுக்கும் கணவரை வழியை விட்டு நகரச் சொல்லி அதட்டுகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். பாயும் நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த அம்மா கேள்வி கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் நான் ஊருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் மனைவியிடம் கேட்டேன்: "நீ கார் ஓட்டக் கத்துக்கிறியா?"

அவள் குரல் சட்டென்று உயர்ந்தது.

"யாரு சொன்னா உங்ககிட்ட? எங்கண்ணன்தானே?"

"என்ன சொன்னான்?"

"நடிக்காதீங்க. லைசென்ஸ் வந்ததச் சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். நீங்க லீவுல வரும்போது மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வண்டிய எடுத்துட்டு வந்து நிக்கணும்னு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

பாவம், மச்சான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே வருகிறேன், நீ வா என்றேன்.

"வர்றேன். ஆனா பக்கத்துல உக்காந்துக்கிட்டு பிரேக்கு பிரேக்குன்னு கத்தக் கூடாது. கத்துனீங்க, நடுவழியில எறக்கி விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

சரி என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்துக்கு, மதுரையிலிருந்து நடந்தே வரச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.