நீலம் ஏறாத கண்கள்

நீலப் பூவைப் படம் எடுத்திருக்கிறீர்களா? எடுத்தவர்களுக்குத் தெரியும் — அது லேசில் நீலமாக வராது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, எங்கள் எஸ்டேட் வேலியில் காடாகப் படர்ந்திருந்த சங்குப்பூவைப் படம் எடுத்தேன். காட்டுப் பூவைக் கண்டால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் கிறுக்கு எனக்கு உண்டு! கொடியின் பக்கத்தில் என் மனைவி சரசுவை நிறுத்தினேன். அவள் தோளில் வெள்ளைத் துண்டு.

"ஒடம்பே அசதியா இருக்குங்க. சீக்கிரம் எடுங்க லா!"

"வெயில் அப்படி" என்றேன். சிரிக்கச் சொன்னேன். சிரித்தாள்.

பக்கத்து டவுனான கோல சிலாங்கூரில் போட்டோ கடை வைத்திருக்கும் யூசுப் பாயிடம் பிலிமைக் கொடுத்தேன். படம் வந்தது. பூ இளஞ்சிவப்பு!

"பாய், இது நீலப் பூவு."

"சில நீலம் பிலிம்ல இப்படித்தான் விழும், வாத்தியாரே. மெஷின்ல சரி பண்ணிடலாம். உக்காருங்க."

கடைக்குப் புதிதாக வந்திருந்த கலர் மெஷின் அது. பொத்தானை அமுக்கினால் ஒரு நிறம் கூடும், இன்னொன்று குறையும். பாய் சிவப்பைக் குறைத்தார். பூ ஊதாவுக்கு வந்தது. நீலத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

கடைசிப் படம் சூட்டோடு வெளியே வந்தது. பூ அசல் நீலம். ஆனால் துண்டும் நீலம். சரசுவின் பற்கள்கூட நீலம்! நான் சிரித்தேன்.

பாய் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து அவள் முகத்தின் மேல் வைத்தார்.

"கண்ணப் பாருங்க."

பார்த்தேன். படம் முழுக்க நீலம் பாய்ந்திருக்க, இரண்டு கண்களின் வெள்ளை மட்டும்... மஞ்சள்.

"மெஷின் கோளாறா, பாய்?"

அவர் பொத்தான் எதையும் மாற்றவில்லை. யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தை அதே அளவில் வைத்துப் போட்டார். மாப்பிள்ளை, பெண், பின்னால் நின்ற கூட்டம் — அத்தனை பேர் கண்ணிலும் நீலம் ஏறியிருந்தது. ஒரு கண் பாக்கியில்லை.

மறுபடியும் சரசுவின் படம். அதே மஞ்சள். வெளியே கடைத்தெரு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

"வாத்தியாரே, வீட்டுக்குப் போங்க. இப்பவே போங்க" என்றார் பாய். குரல் தாழ்ந்திருந்தது.

எங்கள் எஸ்டேட் இருக்கும் அசாம் ஜாவா வரை மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சரசு அடுப்படியில் இருந்தாள். கையைப் பிடித்து வாசல் வெயிலுக்கு இழுத்து வந்தேன். முகத்தை நிமிர்த்தி, இமையை விலக்கினேன்.

"என்னங்க இது? பேயப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

படத்தில் இருந்த கண்கள் அப்படியே எதிரில் இருந்தன. என்னைப் பார்த்து இமைத்தன.

பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மஞ்சள்காமாலை. ஈரல் வீங்கியிருந்தது. ஊசி, குளுக்கோஸ், வார்டு வாசலில் காத்திருப்பு... முதல் சில நாள் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"கண்ணு இவ்வளவு மஞ்சளா இருக்கே, வீட்ல யாருமே பாக்கலையா?"

பார்க்காமலா? காலை, மாலை, சோறு போடும்போது, பேசும்போது... பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! அங்கேதான் சங்கதி. நம் கண்ணுக்குள்ளேயும் ஒரு கலர் மெஷின் இருக்கிறது. தினமும் பார்க்கிற முகத்தை அது தானாகவே சரிசெய்து காட்டிவிடுகிறது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏற, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. யார் பொத்தானை அமுக்கினார்கள்? யாருமில்லை. நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

சரசு பிழைத்தாள். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் கண் வெள்ளை. மேசைமேல் கிடந்த படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பூவு நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு, மெதுவாக: "பக்கத்துல நிக்குற பொம்பள யாருங்க?"

அந்தப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் அத்தனை நாள் இருந்தவன் நான்... எனக்கே தெரியவில்லை!