ரோஜாக்கா விழுங்கிய சத்து

எங்கள் பேக்கரியில் அக்காவின் சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கேக்கின் மேல் க்ரீமில் ரோஜாப்பூ போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் முதலாளி முதல் எல்லோருக்கும் அவள் ரோஜாக்கா. நான் அடுப்புப் பக்கம் வேலை செய்பவன். எனக்கு நேர் எதிரில்தான் அக்காவின் மேசை.

ஐம்பது வயது நெருங்கும்போது அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனதே தவிர களைப்பு போகவில்லை. வீடே பதறிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் வைட்டமின் பாட்டில் ஒன்றை அனுப்பினாள். தங்கை, "நரம்புக்கு நல்லதுக்கா" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். ஜிம்மே கதி என்று கிடக்கும் மருமகன், ஊரிலிருந்து பார்க்க வந்தபோது, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் சத்து மாவு டப்பாவை வாங்கி வந்தான். யார் மனசும் நோகக் கூடாதென்று அக்கா மூன்றையும் சாப்பிட்டாள்.

"இத்தனையா?" என்று நான் கேட்டதற்கு, "மருந்தா இது? சத்துதானே! அதிகமானா உடம்பு வேண்டாம்னா சொல்லும்?" என்று சிரித்தாள்.

சில மாதம் கழித்து கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்தது. பிறகு கை விரல் நுனிகள் மரத்துப் போயின. க்ரீம் பையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியவில்லை. இதழ்கள் சரிந்து விழுந்தன. "ரோஜா கேட்டா முட்டைக்கோஸ் போட்டுத் தந்திருக்கீங்களே" என்றார் ஒரு வாடிக்கையாளர். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் மாவு மூட்டை அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தங்கை விஷயம் கேட்டு ஓடி வந்தாள். "நரம்பு தளர்ந்துபோச்சுக்கா. அந்த மாத்திரையை இனிமே ரெண்டு வேளையும் போடு."

அக்கா போட்டாள். மரப்பு மணிக்கட்டு வரை ஏறியது. முதலாளி தயக்கத்தோடு அவளைப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார். ரிப்பன் முடிச்சுகூட விழவில்லை. ஒருநாள் படியில் கால் வைத்தது தெரியாமல் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியனான அவள் கணவர் அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

சுகர் இல்லை, தைராய்டும் சரியாக இருந்தது. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் அந்த டாக்டரம்மா.

"பிரஷருக்கு நீங்க எழுதிக் கொடுத்தது ஒண்ணு. அவ்வளவுதான்."

கணவர் தொண்டையைச் செருமினார். "சமையலறையில ஒரு அலமாரியே இருக்கே, அதைச் சொல்லு."

எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு மறுபடி போனார்கள். டாக்டரம்மா ஒவ்வொன்றையும் திருப்பி, பொடி எழுத்துகளை நிதானமாகப் படித்தார். "மூணுலயும் பி6னு ஒரு வைட்டமின் இருக்கு. நரம்பு மாத்திரைல ரொம்பவே அதிகம். நரம்புக்கு அது வேணும், ஆனா மாசக்கணக்கா இவ்வளவு சேர்ந்தா அதே நரம்பைத்தான் கெடுக்கும். இதையெல்லாம் நிறுத்துங்க."

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்றார் கணவர்.

"இதை முதல் பாட்டில் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றாள் அக்கா. வந்த ஆத்திரத்தில் பிரஷர் மாத்திரையையும் குப்பையில் போடப் போனாள். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இது நான் எழுதிக் கொடுத்தது. இது இருக்கட்டும்."

கைகள் திரும்புமா என்று அக்கா கேட்டாள். "பெரும்பாலும் திரும்பும். ஆனா நரம்பு மெதுவாத்தான் ஆறும், பொறுமை வேணும்" என்று பதில் வந்தது. களைப்புக்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. விடியலில் வேலைக்கு வருபவள், மதியம் வரை வெறும் டீயிலேயே நிற்கிறாள். நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னார்.

செய்தி கேட்டு மகள் போனில் அழுதாள். மருமகன் தன் டப்பாக்களையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தானாம். தங்கை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நல்லதுன்னு நினைச்சுத்தானே கொடுத்தேன்?"

"நீ நல்லதுதான்டி நினைச்ச. உன் நல்லது, மக நல்லது, மாப்பிள்ளை நல்லது, எல்லாம் என் வயித்துக்குள்ள ஒண்ணா கூடினதுதான் வம்பு." தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் சில வாரம் ஒன்றுமே மாறவில்லை. அக்கா உள்ளுக்குள் உடைந்துதான் போயிருந்தாள். ஆனாலும் வேலை முடிந்ததும் மிச்ச க்ரீமை எடுத்து ஒரு தட்டின் மேல் கோடு போட்டுப் பழகுவாள். கோணல் மாணலாக வரும், வழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

ஒரு மதியம், சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"நறநறங்குதுடா!" விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு மணியும் தெரியுது!"

நான் ரொட்டித் தட்டை அடுப்பிலேயே மறந்துவிட்டு ஓடினேன். அன்றைக்குக் கருகியதற்கு முதலாளி என்னைத் திட்டவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் அக்கா பழைய மேசைக்கே வந்துவிட்டாள். கால் விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மரப்பு தங்கிவிட்டது. "அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பார்த்து நடந்துக்கிறேன்" என்கிறாள்.

இப்போது காலை உணவு நேரத்தில் அக்கா கையைக் கழுவிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு பின்கட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். தனியாகச் சாப்பிட விடுவானேன் என்று நான் போனேன், பிறகு பெட்டி கட்டும் பெண்களும் வந்தார்கள். போன வாரம் முதலாளியும் தன் டப்பாவோடு வந்து, "இடம் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம்.