ஈ குறையுமுங்களா?

பரமத்திப் பக்கம் வசந்தாமணியின் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ஒருவாய் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு ஈ. வாய்க்காலுக்கு அந்தப்புறம் கொழுந்தனார் அப்புசாமியின் முட்டைக்கோழிப் பண்ணை. கூண்டுக்கடியில் எருவை அள்ளாமல் விட்டால் ஈ மொய்க்கும் என்று ஊருக்கே தெரியும். அதை அப்புசாமியிடம் சொல்லத்தான் யாருமில்லை. கல்யாணம் காட்சி என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷனை எப்படிக் குறை சொல்வது?

அதனால்தான், ஒரு ஆராய்ச்சி மையம் 'மக்கள் விஞ்ஞானி' திட்டத்துக்கு ஆள் கேட்டபோது வசந்தாமணி தன் பெயரை முதலில் கொடுத்தார். பசை தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஒட்டிய ஈக்களை வாராவாரம் படமெடுத்து அனுப்ப வேண்டும். அட்டையைப் பார்த்து விஞ்ஞானிகள் பதறிப்போய் ஏதாவது மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று அவர் நம்பினார். பாவம், விஞ்ஞானிகளோடு அவருக்கு முன்னனுபவம் கிடையாது.

நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. திட்டத் தலைவர் முனைவர் குணசீலன் காலை முழுவதும் அறிவியலின் மகிமையைப் பேசினார். சாப்பாட்டுக்குப் பிறகு உறுதிமொழி, அப்புறம் குழுப்படம். அட்டையை எங்கே தொங்கவிடுவது என்று சொல்ல மட்டும் நேரமில்லாமல் போயிற்று.

வசந்தாமணி சமையற்கட்டில், வெல்ல டப்பாவுக்கு மேலே தொங்கவிட்டார். இரண்டே நாளில் அட்டை கருத்தது. மாவட்டத்திலேயே அதிக ஈ அவர் வீட்டில்தான் என்று பாராட்டுச் செய்தி வந்தது. அதை அவர் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார்.

திட்டத்தின் நிறைவு விழாவில் வசந்தாமணிக்குப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்காரவைத்தார்கள். குணசீலன் மைக்கை நீட்ட, அவர் எழுந்து கேட்டார்.

"ஏனுங்க சாமி, இனி ஈ குறையுமுங்களா?"

குணசீலன் கனிவாகச் சிரித்தார். "ஈயைக் குறைக்கிறது இந்தத் திட்டத்தோட நோக்கமில்லைம்மா. மக்கள்கிட்ட அறிவியல் ஆர்வத்தை வளர்க்கிறதுதான்."

"ஆர்வமெல்லாம் நெறையவே இருக்குதுங்க. ஈதான் குறையோணும்."

அரங்கம் கைதட்டியது. குணசீலனும் தட்டினார், பொதுமக்கள் கேள்வி கேட்டார்கள் என்பதும் அவர் அறிக்கைக்கு ஒரு வரி ஆயிற்றே.

அந்தப் படங்களை ஆய்வுக்குப் பயன்படுத்த நினைத்தவர் இளம் விஞ்ஞானி மைதிலி ஒருவர்தான். வசந்தாமணி மேடையிலிருந்து இறங்கியதும் அவரிடம் வந்து கேட்டார்.

"அட்டையை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"வெல்ல டப்பாவுக்கு மேல, அம்மணி. ஈ கம்மியா உழுந்தா நீங்க சங்கடப்படுவீங்கல்ல?"

மைதிலியின் முகம் வாடியது. பக்கத்தில் நின்ற குணசீலனுக்கோ பரம திருப்தி. "பாத்தீங்களா மைதிலி? ஜனங்க தர்ற தரவை நம்ப முடியாது. அவங்க கலந்துக்கிட்டா போதும்."

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. "எங்க வெக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?" என்றார். குணசீலன் அதற்குள் புகைப்படக்காரர் பக்கம் திரும்பியிருந்தார்.

மைதிலி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அட்டையை வாசலில், தின்பண்டம் எதுவும் இல்லாத இடத்தில் வைக்கச் சொல்லி ஒரு கட்டு அட்டையும் கொடுத்தார். வசந்தாமணி அவற்றைத் தெருவில் வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார். பண்ணைக்குக் கிட்டத்து வீட்டு அட்டைகள் கருத்தன. தள்ளிப்போகப் போக மஞ்சள் தெரிந்தது. அத்தனையையும் தாம்பாளத்தில் அடுக்கி, தெருப்பெண்களோடு கொழுந்தனார் வீட்டுக்குப் போனார்.

சீர்த்தட்டு என்று நினைத்து எழுந்து நின்ற அப்புசாமி எட்டிப்பார்த்தார்.

"இதென்னங்க அண்ணி?"

"உங்க ஊட்டு ஈ தம்பி. எங்க ஊட்டுல வந்து தங்கியிருக்குது. இது ஆராய்ச்சிங்க, நானாச் சொல்லுல."

ஆராய்ச்சி என்றதும் அவருக்குக் கோபப்பட வழியில்லாமல் போயிற்று. அந்த வாரமே எருவை அள்ளிக் காயவைத்தார். ஈ ஒழியவில்லை, ஆனால் கண்கூடாகக் குறைந்தது.

சில மாதங்கள் கழித்துக் குணசீலன் தொலைபேசியில் அழைத்தார். முதல் கட்டம் மாபெரும் வெற்றியாம். அறிக்கையின் அட்டைப்படமே வசந்தாமணிதானாம்.

"ஆனா இரண்டாம் கட்டத்துக்கு வேற ஊர் பாக்கிறோம்மா. உங்க ஊர்ல இப்ப போதுமான ஈ இல்லைன்னு மைதிலி சொல்றாங்க."

"பாருங்க சாமி, நல்லாப் பாருங்க," என்று போனை வைத்தார் வசந்தாமணி. மதியச் சோற்றை மூடாமலே வைத்துவிட்டு, நிதானமாகக் கை கழுவப் போனார்.